பார்க்ஹாம்ஸ்டெட் காட்டில் ஆறு பெட்டிகளும் ஒரு கல்லறையும்

என் பேத்தி எனக்காக ஒரு முத்திரை செதுக்கினாள். இளஞ்சிவப்பு ரப்பர் துண்டில், வளைந்த நுனியுள்ள சின்ன உளியால், ஒரு பனைமரம். அதன் அடியில் ஆச்சி என்பதற்காக "ஆ" என்று ஓர் எழுத்து. மை தொட்டுத் தாளில் அழுத்தியபோது எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திரும்பி விழுந்தது. அழவில்லை. அன்று ராத்திரியே மெல்லிய தாளில் பென்சிலால் எழுதி, அதை ரப்பர் மேல் கவிழ்த்துத் தேய்த்து, மறுபடியும் செதுக்கினாள். நாலாவது படிக்கிற பிள்ளை. அந்த முத்திரையோடுதான் இந்த அக்டோபரில் இரண்டு சனிக்கிழமைகள் நாங்கள் காட்டில் அலைந்தோம். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்து, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் 31 வருடம் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். மகள் குடும்பம் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காட்டுக்குள் பெட்டி தேடும் லெட்டர்பாக்ஸிங் என்ற விளையாட்டைப் பற்றி மருமகன்தான் முதலில் சொன்னார்.

விளையாட்டு இதுதான். யாரோ ஒருவர் காட்டில் ஒரு சிறு டப்பாவை மறைத்து வைப்பார். தண்ணீர் புகாத மூடி, உள்ளே கையால் செதுக்கிய ஒரு முத்திரை, ஒரு குறிப்பேடு. எங்கே இருக்கிறது என்பதற்கான துப்புகளை இணையத்தில் எழுதி வைப்பார். நாம் தேடிக் கண்டுபிடித்தால், அவருடைய முத்திரையை நம் நோட்டில் பதித்துக்கொண்டு, நம் முத்திரையை அவருடைய குறிப்பேட்டில் பதித்துவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு, பணம், போட்டி எதுவும் கிடையாது. முத்திரையை எடுத்துக்கொண்டு வந்துவிடக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

இது இங்கிலாந்தில் பிறந்த பழக்கம். டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எளிதில் போக முடியாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து போனவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டு வந்தார்கள். வெகுகாலம் அந்த வட்டாரத்தோடு நின்ற பழக்கம் அது. 1998-இல் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தபிறகுதான் அமெரிக்காவில் பரவலாகப் பற்றிக்கொண்டது. செயற்கைக்கோள் உதவியோடு தேடும் ஜியோகேச்சிங் 2000-இல் வந்தது. இது அதற்கு மூத்தது. அதில் கைப்பேசி நம்மை இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும். இதில் மரத்தையும் பாறையையும் திசைமுள்ளையும் பார்த்து நாமே போக வேண்டும். எனக்கு இது பிடித்ததற்கு அதுதான் காரணம்.

கனெக்டிகட் மாநில வனத்துறையே தன் காடுகளில் இப்படிப் பெட்டிகள் வைத்திருக்கிறது. ஐந்து காடுகளின் முத்திரையைச் சேர்த்துக் காட்டினால் சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிச்சின்னம் தருவார்கள். எல்லாவற்றையும் முடித்தவர்களுக்கு ஒரு கைத்தடி. பேத்தி அதில் மூன்று முடித்திருக்கிறாள். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. தனி ஆள் ஒருவர், தன் பெயரைச் சொல்லாமல், ஒரே கதையை வைத்துக் கட்டிய ஒரு தேடலைப் பற்றி. இந்த விளையாட்டில் எல்லோருக்கும் ஒரு புனைபெயர்தான். அவருடையதை நான் இங்கே எழுதவில்லை.

இடம், பார்க்ஹாம்ஸ்டெட் ஊரில் உள்ள பீப்பிள்ஸ் மாநிலக் காடு. 1920-களில் பொதுமக்களிடம் நிதி திரட்டி வாங்கிய நிலம். அதனால்தான் அந்தப் பெயர். ஃபார்மிங்டன் ஆற்றின் மேற்குக் கிளை காட்டின் காலடியில் ஓடுகிறது. ஆற்றை ஒட்டி ஒரு ரோடு, ரோட்டிலிருந்து எழும்பும் மலைச்சரிவு, சரிவில் ஹெம்லாக், பைன், மேப்பிள், பீச் மரங்கள். அந்தச் சரிவின் கீழ்ப்படியில் ஒரு காலத்தில் ஒரு குடியிருப்பு இருந்தது. பார்க்ஹாம்ஸ்டெட் லைட்ஹவுஸ் என்று பெயர். கடலே இல்லாத மலைநாட்டில் கலங்கரை விளக்கமா என்று நானும் கேட்டேன்.

சொல்லப்படும் கதை இது. 1740-ஐ ஒட்டி, வெதர்ஸ்ஃபீல்ட் ஊரில் மாலி பார்பர் என்ற வெள்ளைக்காரப் பெண். அவள் விரும்பியவனைக் கட்டிக்கொடுக்க அப்பா மறுத்துவிட்டார். அப்படியானால் முதலில் யார் கேட்கிறானோ அவனையே கட்டிக்கொள்வேன், அவன் எந்த நிறமாக இருந்தாலும் சரி என்று அவள் சொல்லிவிட்டாள். கேட்டவர் ஜேம்ஸ் சாகம், பிளாக் தீவிலிருந்து வந்த நாரகான்செட் பழங்குடி மனிதர். இருவரும் ஓடிப்போனார்கள். அப்பா ஆட்களையும் நாய்களையும் விட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. இவர்கள் இந்தச் சரிவில் வந்து மரக்குடிசை கட்டினார்கள், பிள்ளைகள் பெற்றார்கள். பிள்ளைகளின் குடும்பங்களோடு வேறெங்கும் இடமில்லாதவர்களும் வந்து சேர, அது ஒரு சிற்றூராகி, 1860 வாக்கில் கலைந்துபோகும்வரை இருந்தது. மாலி நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தாள் என்பார்கள். ராத்திரியில் அந்தச் சாலையில் போன குதிரைவண்டிக்காரர்கள், குடிசைச் சுவர்களின் இடுக்கு வழியாகக் கசியும் வெளிச்சத்தைப் பார்த்து, "அதோ லைட்ஹவுஸ், துறைமுகத்துக்கு இன்னும் ஐந்து மைல்தான்" என்று சொல்வார்களாம். துறைமுகம் என்றது அடுத்த ஊரான நியூ ஹார்ட்ஃபோர்டை. கதையில் எது நடந்தது, எது பின்னால் சேர்ந்தது என்பது வேறு விஷயம். ஊர் இருந்தது உண்மை. கென்னத் ஃபெடர் என்ற தொல்லியல் பேராசிரியர் அங்கே அகழாய்வு செய்திருக்கிறார். 1991-இல் அந்த இடம் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

சாதி விட்டுச் சாதி கட்டிய பெண்ணை ஊரே எப்படிப் பார்க்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் வகுப்பில் படித்த ஒரு பெண் அப்படிப் போனாள். அவள் பெயரை வீட்டில் மறுபடி யாரும் சொல்லவில்லை. இந்தக் கதையைத் துப்புத் தாளில் முதல்முறை படித்தபோது எனக்கு அவள் முகம்தான் வந்தது.

தேடலில் ஏழு நிறுத்தங்கள், ஆறு பெட்டிகள். ஒவ்வொரு முத்திரையும் கதையில் ஒரு படி. எங்கே மறைத்திருக்கிறார் என்பதைச் சொல்லமாட்டேன்; அது இந்த விளையாட்டின் மரியாதை. ஆனால் என்ன செதுக்கியிருக்கிறார் என்று சொல்லலாம்.

முதல் பெட்டியில் கையில் துணி மூட்டையோடு ஒரு பெண், முதுகுதான் தெரியும். இரண்டாவதில் மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடிக்கும் வேட்டைநாய். அந்த இரண்டாவது பெட்டிக்கான துப்பு அருமை. நாய் தவறவிட்ட இடத்தைத் தேடு என்று மட்டும்தான் இருக்கும். எங்கே மோப்பம் தப்பும் என்று பேத்தியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தண்ணி, ஆச்சி. தண்ணிக்குள்ள நடந்தா நாய்க்குத் தெரியாது" என்றாள். ஓடை இருந்தது, ஓடைக்கு அந்தப் பக்கம் பெட்டி இருந்தது. வகுப்பறையில் 31 வருடம் கேள்வி கேட்டவளாகச் சொல்கிறேன், நல்ல கேள்வி என்றால் இதுதான். பதில் புத்தகத்தில் இல்லை, கண் முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது பெட்டியில்தான் முதல் சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

துப்பு இப்படிப் போகும்: ஒரே அடியில் இரண்டாகக் கிளைத்து, ஒன்று மட்டும் செத்துப்போன மரத்தில் முதுகைச் சாய்த்து நில். 110 டிகிரி பார். 40 நடை போ. கரி சுட்டவர்கள் உனக்காகக் காத்திருக்கிறார்கள். மரத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். மருமகன் காம்பஸைப் பிடிக்க, பேத்தி நடையை எண்ணினாள். போய் நின்ற இடத்தில் வெறும் இலைச்சருகு. சுற்றிலும் ஒரு மணி நேரம் தேடினோம். விழுந்த மரத்தின் அடி, பாறை இடுக்கு, பீச் மர வேர் எல்லாம் பார்த்தாயிற்று. கைப்பேசியில் சிக்னல் கிடைக்கவில்லை. பேத்திக்குப் பசி வந்துவிட்டது. நான்காவது பெட்டிக்கான துப்பு மூன்றாவது பெட்டியின் மூடிக்குள்தான் இருக்கிறது என்பதால் தாண்டிப் போகவும் வழியில்லை. இறங்கி வந்து, ஆற்றோரத்தில் மாத்தீஸ் தோப்பின் உயரமான வெள்ளைப் பைன் மரங்களுக்குக் கீழே புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். வெள்ளைப் பைனை அடையாளம் காண்பது எப்படி என்று அன்று பேத்திக்குக் கற்றுக்கொடுத்தேன்: ஊசியிலைகள் கொத்துக்கு ஐந்து.

இந்தத் தேடலில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். சங்கிலிபோலக் கோத்தது. ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் நின்றுவிடும். மழையோ கரடியோ கைவரிசையோ, ஒரு பெட்டி காணாமல் போவது காட்டில் சாதாரணம். அதற்குப் பிறகு வரும் குடும்பங்கள் எல்லாம் பாதியில் திரும்ப வேண்டுமா? துப்புகள் அனைத்தையும் முதலிலேயே தந்துவிட்டால் கதையின் சுவை குறையும் என்று அவர் நினைத்திருக்கலாம். குறையட்டும். சின்னப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களுக்கு, ஒன்று தவறினாலும் அடுத்ததுக்குப் போகலாம் என்ற தைரியம் வேண்டும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 110 டிகிரி என்றால் எந்த வடக்கிலிருந்து?

பூமியின் உண்மையான வடக்கு ஒன்று. காந்தமுள் காட்டும் வடக்கு வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் அது ஒன்றிரண்டு டிகிரிதான். அதனால் பள்ளிக்கூடத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். கனெக்டிகட்டில் காந்தமுள் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 13 டிகிரி மேற்கே தள்ளிக் காட்டுகிறது. துப்பு எழுதியவர் கைப்பேசியிலோ வரைபடத்திலோ உண்மை வடக்கை வைத்துக் கோணம் எடுத்திருந்தால், சாதாரணக் காம்பஸை வைத்துப் போகிறவர்கள் 13 டிகிரி இடப்பக்கம் விலகிப்போவார்கள். 100 அடி நடந்தால் 23 அடி விலகல். இலை மூடிய காட்டில் 23 அடி என்பது வேறு ஊர் மாதிரி.

அடுத்தது அந்த "நடை". நடை என்றால் ஓர் எட்டா, அல்லது இடது கால் மறுபடி தரையில் படும்வரை இரண்டு எட்டா? லெட்டர்பாக்ஸிங் ஆட்களிடமே இரண்டு வழக்கமும் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, கோணமானியை வைத்து நான்கு வழியையும் வரைந்தேன். காந்த வடக்கும் ஒற்றை எட்டும், காந்த வடக்கும் இரட்டை எட்டும், உண்மை வடக்கும் ஒற்றை எட்டும், உண்மை வடக்கும் இரட்டை எட்டும். காலையில் பேத்தி வந்து பார்த்துவிட்டு, நான்குக்கும் நான்கு நிறம் அடித்தாள். ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஒரு காலை எனக்கு வாய்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது காடே மாறியிருந்தது. முதல் தடவை மேப்பிள் எல்லாம் செக்கச்செவேலென்று நின்றது. இப்போது பாதிக்கு மேல் உதிர்ந்து, கணுக்கால் வரை இலை. அந்த இரட்டை மரத்தில் முதுகைச் சாய்த்து, காம்பஸில் 123 டிகிரி வைத்து, இரட்டை எட்டாக 40 நடந்தோம். எதிரே தரை ஒரு பெரிய தட்டுப்போல வட்டமாக, சமமாக இருந்தது. சரிவான மலையில் அப்படி ஒரு வட்டச் சமதளம் தானாக வராது. காலால் இலையை விலக்கிப் பார்த்தால் மண் கறுப்பு, கிள்ளினால் விரலில் கரி. மரத்தை அடுக்கி, மண் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுத்த இடம். வடமேற்கு கனெக்டிகட்டில் சாலிஸ்பரிப் பக்கம் இரும்பு உருக்கிய காலத்தில் உலைகளுக்கு வேண்டிய கரி இப்படிப்பட்ட காடுகளிலிருந்துதான் போயிற்று. இன்றைக்கு நாம் பார்க்கும் மரங்களில் பெரும்பகுதி அந்த வெட்டுக்குப் பிறகு வளர்ந்தவை. பேத்தி கையெல்லாம் கரியாக்கிக்கொண்டு அதைப் பிஞ்சு விரலால் தன் நோட்டிலும் தேய்த்துக்கொண்டாள். பெட்டி வட்டத்தின் விளிம்புக்கு அருகேதான் இருந்தது. முத்திரை, புகையும் ஒரு கரிமேடு.

பெட்டியின் நிலைமை மோசம். மூடியின் ஒரு கொக்கி உடைந்திருந்தது. குறிப்பேடு ஊறித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் உள்ளே மிட்டாய் போட்டிருந்தார். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். மிட்டாய் வாசனைக்கு விலங்கு வரும், டப்பாவைக் கடித்துக் குதறும். நல்லவேளை, அடுத்த துப்பு மூடியில் ஒட்டியிருந்ததால் எழுத்து கலங்கினாலும் படிக்க முடிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது பெட்டிக்குப் பக்கத்தில் பழைய கல்சுவர் ஒன்று ஓடுகிறது. அதில் மூன்று நான்கு இடத்தில் கற்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள், பெட்டி சுவருக்குள் இருக்கும் என்று நினைத்து. பெட்டி சுவரில் இல்லை. "சுவரைத் தொடாதீர்கள்" என்று துப்பிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்.

அப்புறம் படிகள். துப்புத் தாளில் "சுலபமான நடை" என்று போட்டிருக்கிறது. எனக்கு 63 வயது, வலது முழங்கால் மாடிப்படிக்கே கேள்வி கேட்கும். ஜெஸ்ஸி ஜெரார்டு பாதை என்று மஞ்சள் குறி போட்ட வழி மலைமேல் ஏறுகிறது. அருவி ஓரமாகப் போகும் பகுதியில் கல்லால் அடுக்கிய படிகள். 299 என்பது கணக்கு. பேத்தி எண்ணியதில் 287தான் வந்தது, மிச்சம் இலைக்கடியில் போயிருக்கும். படிகள் அழகுதான், பாசி படிந்த பெரிய பெரிய கற்கள், பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம். ஆனால் ஈர இலை மேல் கால் வைத்தால் வழுக்குகிறது. நான் கைத்தடியோடு, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, முக்கால் மணி நேரத்தில் ஏறினேன். படி வேண்டாம் என்றால் சுற்றிப்போகும் வழியும் இருக்கிறது. இறங்கும்போது அதில்தான் இறங்கினோம். பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் ஏறவும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். "சுலபம்" என்ற சொல்லை அவர் நீக்கியே ஆக வேண்டும்.

ஏறியதற்குப் பலன் சாகம் பார்வைமுனை. ஜேம்ஸ் சாகம் பெயரால் வந்தது. கீழே பள்ளத்தாக்கு, ஆறு, ரிவர்ட்டன் கிராமம். ஒரு காலத்தில் ஹிட்ச்காக் நாற்காலி என்று நாடறிந்த, பொன்நிறச் சித்திரம் போட்ட நாற்காலிகள் செய்த ஊர் அது. கொஞ்சம் தள்ளிப் பாதையிலேயே வீடர் பாறைகள் என்று வீடு உயரத்துக்கு உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. பனிப்பாளம் தூக்கி வந்து போட்டுவிட்டுப் பின்வாங்கியது, பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால். 31 வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியதை அன்றுதான் கையால் தொட்டேன். உள்ளங்கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மகள் தூரத்திலிருந்து போட்டோ எடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

நான்காவது பெட்டியின் முத்திரை ஒரு கூடை. ஆஷ் மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவிக் கூடை பின்னி விற்றுப் பிழைத்த, நியூ இங்கிலாந்து என்ற இந்த வடகிழக்கு அமெரிக்க வட்டாரத்துப் பழங்குடிக் குடும்பங்களை நினைவூட்ட. பின்னலின் குறுக்கும் நெடுக்கும் அத்தனை நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார். நாங்கள் கறுப்பு மையை அப்பி அழுத்தியதில் பாதி கோடுகள் மங்கிவிட்டன. மைப்பெட்டியைவிட ஸ்கெட்ச் பேனாவால் முத்திரை மேல் நிறம் பூசி, வாயால் ஊதி ஈரமாக்கி அழுத்தினால் நன்றாக விழும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். இதில் பெரிதாகச் சொல்ல வேறொன்றும் இல்லை, சுலபமாகக் கிடைத்தது.

ஐந்தாவதில் நான்கு குதிரை பூட்டிய பயணவண்டி, ஒரு பக்கமாகப் போகிறது. வண்டிக்காரர் தலையைத் திருப்பி மேலே பார்க்கிறார். எதைப் பார்க்கிறார் என்பது தெரியாது. பக்கத்தின் மேல்பாதி காலி. "இந்தப் பக்கத்தில் வேறெதையும் பதிக்காதே. வண்டி கீழே போகட்டும்" என்று துப்பு சொல்கிறது. பேத்திக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

ஆறாவது நிறுத்தத்தில் பெட்டி இல்லை.

மலையிலிருந்து இறங்கி, பழைய குடியிருப்பு இருந்த மேட்டை நெருங்கும்போது துப்பு உங்களைக் கல்லறை மேட்டின் ஓரத்தில் நிறுத்துகிறது. பெயர் பொறித்த கல் கிடையாது. நிலத்தில் கிடைத்த சாதாரணக் கற்களைத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இலையும் பாசியும் மூடி, முதலில் பார்க்கிறபோது காட்டுக்கல் என்றே தோன்றும். கொஞ்ச நேரம் நின்றால்தான் வரிசை தெரிகிறது. துப்பில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இங்கே நான் எதையும் மறைக்கவில்லை. இங்கே தேடாதே. கல்லை நகர்த்தாதே. உன் நோட்டில் ஒரு பக்கத்தை வெறுமையாக விடு."

தேடலில் சிறந்த இடம் இதுதான் என்பேன். விளையாட்டு மும்முரத்தில் ஓடி வருகிற பிள்ளையை இதைவிட நன்றாக எப்படி நிறுத்துவது? பேத்தி அதுவரை ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவள். அங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "பேரே எழுதலையே ஆச்சி, இவங்க பிள்ளைங்க வந்தா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டாள். எங்கள் ஊர்ப்பக்கம் சுடுகாட்டில் பெயரில்லாத மண்மேடுகளை அவரவர் பிள்ளைகள் தெரிந்து வைத்திருப்பதைச் சொன்னேன். தெரிந்தவர்கள் இருக்கும்வரை தெரியும். ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டோம். மூலையில் தேதி மட்டும் போட்டாள்.

ஏழாவது நிறுத்தத்தின் பெட்டி குடியிருப்பின் எல்லைக்கு வெளியே, ரோட்டுப் பக்கம் இருக்கிறது. தொல்லியல் இடத்துக்குள் எதையும் வைக்காமல், மண்ணைத் தோண்டாமல், முழுத் தேடலையும் வெளியே சுற்றியே கட்டியிருக்கிறார். அவருடைய பொறுப்புணர்ச்சிக்கு இதுவே சாட்சி. மணி நான்கரை, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பெட்டியைத் திறந்தால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்ன முத்திரை, கூடவே மஞ்சள் மைப்பெட்டி. வண்டி பதித்த பக்கத்தை எடு, வண்டிக்காரரின் கண் போகும் இடத்தில் பதி என்று இருந்தது. பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பதித்தாள். கோடு கோடாக நாலைந்து மஞ்சள் கீற்றுகள். குடிசை வரையவில்லை, சுவர் வரையவில்லை, இடுக்கில் கசியும் வெளிச்சம் மட்டும். அவ்வளவு நேரம் காலியாகக் கிடந்த பக்கத்தில் ஒரு ஊர் வந்துவிட்டது. மருமகன் அதிகம் பேசாதவர். அவரே "அடடா" என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செலவு எதுவும் இல்லை. கனெக்டிகட் பதிவெண் உள்ள கார்களுக்கு 2018 முதல் மாநிலப் பூங்காக்களில் நிறுத்தக் கட்டணம் கிடையாது, வண்டிப் பதிவோடேயே அந்தத் தொகையை வாங்கிவிடுகிறார்கள். எங்களுக்கு, சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து, ஐந்து மணி நேரம் ஆயிற்று. இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்களும் காட்டுக்கு வருவார்கள், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் மேற்சட்டையோ தொப்பியோ கட்டாயம் போடுங்கள். உண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள். உண்ணி கடித்து வரும் லைம் காய்ச்சலுக்குப் பெயர் தந்த லைம் என்ற ஊரே இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. குளிர் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அக்டோபர், நவம்பரிலும் வளர்ந்த உண்ணி சுற்றும். பேன்ட் நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் காதுமடல், கழுத்து, முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். மகள் என் சேலை மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்தாள். அடுத்த தடவை நான் சுடிதாரில் போனேன்.

காம்பஸ் இல்லாமல் போகாதீர்கள். மூன்றாவது பெட்டிக்கு 123 டிகிரி, இரட்டை எட்டு. பெட்டியின் இடத்தைச் சொல்லமாட்டேன் என்று சொன்னவள் இதை மட்டும் சொல்கிறேன். இது இடம் இல்லை, துப்பில் விட்டுப்போன ஒரு தகவல். மருமகன் இதையும், உடைந்த கொக்கியையும், படிகளையும் பற்றித் தேடலைக் கட்டியவருக்கு எழுதினார். இரண்டே நாளில் பதில் வந்தது. கோணத்தை உண்மை வடக்குக்குத்தான் எடுத்தேன், அதைச் சேர்க்கிறேன் என்று எழுதியிருந்தார். முடிந்தால் குறிப்பேட்டை மாற்றித் தர முடியுமா, எனக்கு இப்போது அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை என்றும் கேட்டிருந்தார்.

அதனால் மூன்றாவது சனிக்கிழமையும் போனோம். புது டப்பா, இரட்டை பிளாஸ்டிக் பை, கோடு போடாத ஒரு சிறிய நோட்டு. முதல் பக்கத்தில் பனைமரத்தைப் பதித்துவிட்டு வந்திருக்கிறோம். பழைய நோட்டை அடுப்புப் பக்கத்தில் நாலு நாள் காயவைத்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தபாலில் அவருக்கு அனுப்பினாள் மகள். புதியதில் 40 பக்கம்தான் இருக்கிறது. கூட்டமாகப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளாமல், எல்லோரும் ஒரே பக்கத்தில் பதித்துவிட்டு வாருங்கள்.